இரட்டைக் கார்டு அண்ணாச்சி

கோவில்பட்டி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் பெருமாள்சாமி அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. கடை போர்டில் ஒரு காலத்தில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை அடுத்தடுத்து வரைந்து வைத்திருந்தார். இப்போது அதில் ஒன்றின் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறது. அடித்தவரும் அவரேதான். அதையாவது ஒழுங்காக அடித்தாரா என்றால் இல்லை. மதிய வெயில் விழுந்தால் அடியிலிருக்கிற இரண்டாவது கார்டு மங்கலாகத் தெரிகிறது.

என் கடை பக்கத்துக் கடை. என் பெயர் சுடலைமணி. யூபிஎஸ், இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் விற்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பதினைந்து வருஷமாக அவர் கஸ்டமர்களிடம் பேசியதையெல்லாம் அந்தச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறேன். ஆகவே அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. மூன்று வயது மூத்தவர் என்பதால் அவர், இவர் என்று எழுதுகிறேன். அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணாச்சி பிறந்தது தீப்பெட்டிக் குடும்பத்தில். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். உள்ளே நாற்காலி இருக்கிறதோ இல்லையோ, அது ஆபீஸ்தான். அவருடைய அப்பா நடத்திய ஆபீஸில் ஒரு முறை வைத்திருந்தார்கள். வடநாட்டு ஏஜெண்ட் வந்து, இவர் சரக்கா இன்னொருவர் சரக்கா என்று யோசிக்கும்போது, இரண்டு முதலாளிகளும் தங்கள் பெட்டியில் ஒட்டியிருக்கிற லேபிளைத் தங்கள் கையாலேயே உரித்துவிட வேண்டும். அவற்றோடு மூன்றாவதாக ஒரு பெட்டி, தெருமுனைக் கடையில் வாங்கியது, அதுவும் லேபிள் உரித்து வைக்கப்படும். அதற்குச் சாட்சிப் பெட்டி என்று பெயர். மூன்றிலும் பத்துப் பத்துக் குச்சி உரசிப் பார்த்துவிட்டு ஏஜெண்ட் ஒரு பெட்டியைத் தொடுவார். சாட்சிப் பெட்டியைத் தொட்டுவிட்டால் இரண்டு முதலாளிகளும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர் நம் அண்ணாச்சி.

வளர்ந்தவர் அதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். எதைக் கண்டாலும் இன்னொன்றோடு ஒப்பிடுவார். மதுரைக்கு இரண்டு பஸ் நின்றால் இரண்டிலும் ஏறி சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டையும் விட்டுவிட்டு நிற்பார். கடலை மிட்டாய் வாங்கப் போனால் இரண்டு கடை மிட்டாயையும் உடைத்து, எதில் பருப்பு அதிகம் என்று ரோட்டில் நின்று எண்ணுவார். பெண் பார்க்கப் போன கதை இன்னும் மோசம். விருதுநகரில் ஒரு பெண்ணையும் இங்கே சுதாராணியையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தாளில் கோடு போட்டு மார்க் எழுதியிருக்கிறார். அதைக் கல்யாணமான பிறகு சுதாராணியிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசவில்லை. "ஏன் கோவப்படுத, நீதான ஜெயிச்ச?" என்று கேட்டாராம். சுதாராணியே என் மனைவியிடம் சொன்னது இது.

இப்படி ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், இரண்டுமே வேண்டாம் என்று ஒரு வழி இருப்பது அவர்கள் கண்ணுக்குப் படாது. அண்ணாச்சிக்கு அந்த வியாதி முற்றியது 2010 வாக்கில், கேம் விளையாடுவதற்கென்றே கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தபோது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளையாட்டில் திரையில் ஓடுகிற படத்தை வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் காலத்தில் அதைச் செய்வதற்குப் பெரிய கம்பெனிகள் இரண்டு. எங்கள் ஊர்ப் பேச்சில் ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. ஒரு கார்டு போதாதென்று நினைக்கிறவர்களுக்கு இரண்டைச் சேர்த்து மாட்டவும் இரண்டு கம்பெனிகளும் வழி வைத்திருந்தன. பச்சையின் வழிக்குப் பெயர் எஸ்எல்ஐ. இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், மேலே சின்னப் பாலம் ஒன்று மாட்ட வேண்டும், அதற்கு ஒத்துக்கொள்கிற மதர்போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பின் வழி கிராஸ்ஃபயர். அதில் கொஞ்சம் தாராளம். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி மாடல்களைக்கூடச் சேர்க்கலாம், பிற்பாடு பாலமே வேண்டாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். இந்த இரண்டில் எது உசத்தி என்று உலகம் முழுக்க வேலையில்லாதவர்கள் சண்டை போட்டார்கள். கோவில்பட்டியில் அந்த வேலையை அண்ணாச்சி ஒருவரே பார்த்துக்கொண்டார்.

அவர் பச்சைக் கட்சி. கடைக்கு வருகிறவர்களிடம் ஒரே பாட்டுத்தான். "ஒத்த மாட்ட வச்சு உழுவீங்களா? ஜோடி போட்டாத்தான ஏர் நகரும்? கார்டும் அப்படித்தான். ரெண்டா போடுங்க." வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இந்தப் பேச்சு உடனே பிடிபட்டுவிடும். டிராக்டர் வந்து முப்பது வருஷம் ஆகிறதே என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இரட்டைக் கார்டு அண்ணாச்சி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பெருமாள்சாமி சொன்னால் சரியாக இருக்கும் என்று மணியாச்சியிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். அவருக்கு இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். அப்பாவின் ஆபீஸ் அண்ணனுக்குப் போய்விட்டது.

ஜோடி மாடு என்பது சுத்தப் பொய். ஜோடி மாடு ஒரே சாலில் சேர்ந்து இழுக்கும். இந்தக் கார்டுகள் அப்படி இழுப்பதில்லை. முதல் படத்தை ஒன்று வரையும், அடுத்த படத்தை மற்றது வரையும். இரண்டாவது ஒரு நூல் பிந்தினாலும் திரையில் படம் வெட்டி வெட்டி ஓடும். மூலையில் தெரிகிற வேக நம்பர் மட்டும் கூடுதலாகக் காட்டும். நாலு ஜிபி கார்டு இரண்டு போட்டால் எட்டு ஜிபி என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் நாலுதான். முக்கால்வாசி விளையாட்டுகளுக்கு இரண்டாவது கார்டு ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் கார்டு சும்மா உட்கார்ந்து சூடாகும், கரிசல் தூசியை உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், என்னிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. இடுக்கி மாதிரி வாய் திறக்கும். கார்டுக்குப் போகிற மஞ்சள் வயர்களை மட்டும் பிரித்து அதன் வாயில் கொடுத்தால், எவ்வளவு கரண்ட் போகிறது என்று சொல்லிவிடும். அண்ணாச்சி விற்ற முதல் இரட்டைக் கார்டு மெஷினுக்கு யூபிஎஸ் வைக்கப் போனபோதே மாட்டிப் பார்த்தேன். பையன் உயிரைக் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். முதல் கார்டு கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கார்டில் முள் அசையவே இல்லை. அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்குத் தெரிவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே எனக்குத் தெரியும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒற்றைக் கார்டு மெஷினுக்குச் சின்ன யூபிஎஸ் போதும். இரட்டை என்றால் பெரியது, இரண்டு பேட்டரி வைத்தது. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்குகிற ஊரில் யூபிஎஸ் இல்லாமல் யாரும் கம்ப்யூட்டர் வைப்பதில்லை. அவர் ஒவ்வொரு இரண்டாவது கார்டு விற்கும்போதும் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் ஒன்று விற்றது. அவர் கெட்டிக்காரர் என்று ஊர் சொல்கிறது, நான் எதற்கு நடுவில் போக வேண்டும்?

ஒரு வீடு மட்டும் நினைவிருக்கிறது. நாகலாபுரத்தில் சொர்ணத்தாய் என்று ஒரு அக்கா. ஆடு வளர்க்கிற குடும்பம். மகன் செல்வகணேஷ் காலேஜில் சேர்ந்ததும் கேம் கம்ப்யூட்டர் கேட்டு அடம் பிடித்திருக்கிறான். அந்த அக்கா முதலில் ஒரு கார்டுக்குத்தான் தயாராக வந்தது. அண்ணாச்சி ஏர் மாட்டுக் கதையைச் சொன்னார். அக்கா ஊருக்குப் போய் இன்னும் எட்டுக் கிடாக்களை விற்றுவிட்டு வந்து இரண்டாவது கார்டையும் வாங்கிக்கொண்டது. யூபிஎஸ் வைக்க நான் போயிருந்தேன். பழக்கதோஷத்தில் மீட்டரை மாட்டினேன்.

"அது என்ன தம்பி, இடுக்கி மாதிரி?" என்று கேட்டது அக்கா.

"ரெண்டு கார்டும் எப்படி வேல செய்யுதுன்னு காட்டும்க்கா."

"என்ன காட்டுது?"

"எல்லாம் சரியா இருக்குக்கா" என்றேன். இரண்டாவது கார்டில் ஒன்றும் ஓடவில்லை.

இனி அண்ணாச்சியின் மைத்துனன் ஹரிக்கு வருகிறேன். சுதாராணியின் தம்பி, அவர்கள் வீடும் தீப்பெட்டி ஆபீஸ்தான். அண்ணாச்சியிடமே தொழில் பழகிவிட்டு எதிர் வரிசையில் கடை போட்டவன். அத்தான் பச்சை என்பதால் அவன் சிவப்பு. வேறு காரணம் எதுவும் அவனிடம் கிடையாது. இருவரும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, வெளிநாட்டில் ஏசி ரூமில் வைத்துப் பார்த்த டெஸ்ட் நம்பர்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள். இங்கே வெளியில் நூற்று நாலு டிகிரி. கஸ்டமர் நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

2017 சித்திரையில் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் இது முற்றிவிட்டது. பாயசம் வருவதற்குள் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பந்தி விசாரித்துக்கொண்டிருந்த சுதாராணிதான் வாளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒரு நாள் வச்சுப் பாத்து முடிச்சுக்கோங்க. தோத்தவிய போர்ட எறக்கிட்டு ஜெயிச்சவிய கலரவே விக்கட்டும். அதுவரைக்கும் என் வீட்டுல கார்டு பேச்சு எடுக்கப்பிடாது."

இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மதுரை டீலரிடமிருந்து பச்சையில் இரண்டு, சிவப்பில் இரண்டு, அந்த வருஷத்து நல்ல மாடல்களாக வந்து இறங்கின. பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், கார்டு மட்டும் வந்தபடி இருக்க வேண்டும் என்று பேச்சு. அண்ணனுடைய ஆபீஸில் காலியாக இருந்த பேக்கிங் ஹாலைக் கேட்டு வாங்கினார் அண்ணாச்சி. வயர் இழுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மெஷின்களைத் துணி போட்டு மூடி, எது எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் வைக்கிற பொறுப்பும் எனக்குத்தான். "சுடலைக்கு எந்தக் கட்சியும் கெடையாது, அவன் பாத்துக்கிடட்டும்" என்றார் அண்ணாச்சி. நான் தலையாட்டினேன்.

முந்தின நாள் மதியம் ஹரி ஒரு சந்தேகம் கிளப்பினான்.

"அத்தான், நம்ம முறப்படி செய்யணும்னா லேபிள உரிச்சிட்டுத்தான் வைக்கணும். துணியத் தூக்கி எவனாவது எட்டிப் பாத்தா?"

"நானும் அதத்தான் நெனச்சேன் மாப்ள. அவனவன் சரக்க அவனவன் உரிக்கணும்."

ஹாலின் நடுவில் எதிரெதிராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிளேடாலும் நகத்தாலும் உரிக்க ஆரம்பித்தார்கள். விசிறி மேல் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் போனது. ஓரத்து ஸ்டிக்கர் போனது. பிறகு கார்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கோடு கோடாக அச்சடித்து சீரியல் நம்பர் போட்டிருந்த ஸ்டிக்கரையும் மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தார்கள். அது போனால் உலகத்தில் எந்த டீலரும் அந்தக் கார்டைத் திரும்ப வாங்க மாட்டான். இருவருமே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்கள், அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் லேபிள் உரிக்க என்று உட்கார்ந்தவுடன் இருவரும் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளாக மாறிவிட்டார்கள், கை தானாக வேலை செய்தது. நான் ஸ்டூல் மேல் நின்று வயர் அடித்துக்கொண்டே பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிற சந்தோஷத்தை எதற்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உரித்து முடித்ததும் அண்ணாச்சிக்கு அப்பாவின் முறை முழுசாக ஞாபகம் வந்தது. "சாட்சிப் பெட்டி வேணுமே" என்றார். கடையில் அவர் சொந்தமாக வைத்திருந்த மெஷினைக் கொண்டுவந்தார்கள். அதில் இதே பச்சை மாடல் கார்டு ஒன்று இருந்தது. ஜோடி வாங்க நேரம் வாய்க்காததால் ஒற்றையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் லேபிளையும் உரித்தார். பேருக்கு ஒன்று இருக்கட்டும் என்றுதான் மூவருமே நினைத்தோம். நினைத்தோம் என்பது தவறு. அவர்கள் இருவரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருபத்தொரு பேர் வந்தார்கள். காலேஜ் பிள்ளைகள், கூடவே ஒரு பல் டாக்டர். மூன்று மெஷின், மூன்று ஒரே மாதிரித் திரை, சாக்பீஸில் ஒன்று இரண்டு மூன்று. ஒவ்வொருவரும் மூன்றிலும் விளையாடிவிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று சீட்டில் எழுதி டின்னில் போட வேண்டும். தொடங்கும் முன்பு, மூலையில் வேக நம்பர் தெரியட்டும் என்றான் ஹரி.

"நம்பர் மட்டும் என்ன மாப்ள?" என்றார் அண்ணாச்சி. "அதுவும் லேபிள்தான். அத ஆஃப் பண்ணு."

பதினைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டவற்றிலேயே புத்தியுள்ள பேச்சு அது ஒன்றுதான். அதைப் பேசித்தான் அவர் கவிழ்ந்தார்.

மதியம் டின்னைக் கவிழ்த்தார்கள். ஒன்றாம் நம்பருக்கு இரண்டு சீட்டு, அது சிவப்பு ஜோடி என்பது எனக்கு மட்டும் தெரியும். இரண்டாம் நம்பரான பச்சை ஜோடிக்கு மூன்று. மிச்சம் பதினாறும் மூன்றாம் நம்பர் மெஷினுக்கு. அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாம் நம்பர் தன்னுடைய பச்சை ஜோடி என்று நினைத்துக்கொண்டார். நான் துணியை விலக்கினேன். உள்ளே அவருடைய கடை மெஷின் ஒற்றைக் கார்டோடு ஓடிக்கொண்டிருந்தது.

நம்பவில்லை. இடத்தை மாற்றி வைக்கச் சொன்னார். வேறு விளையாட்டு போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். மறுபடியும் அதே கதை, இரண்டு சீட்டு அங்கே இங்கே மாறியதோடு சரி. "அது வெட்டாம ஓடுது அண்ணாச்சி" என்றார் பல் டாக்டர், என்னவோ இவர் பல்லைப் பிடுங்கப் போவது மாதிரி தயங்கிக்கொண்டே.

அண்ணாச்சி மூன்று மெஷினின் பக்கவாட்டு மூடியையும் கழற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சுடலை, ஒன் மீட்டர எடு. ரெண்டாவது கார்டு கரண்ட் எடுக்குதான்னு பாரு."

மாட்டினேன். பச்சை ஜோடியில் முதல் கார்டு பதினோரு ஆம்பியர். இரண்டாவது கார்டு இடையிடையே ஒரு தரம் துள்ளும், அப்போதுதான் படமும் வெட்டும், மிச்ச நேரம் ஒன்றுகூட இல்லை. அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இத நாம மொதல்லயே வச்சுப் பாத்திருக்கணும்லா" என்றார்.

நாம என்றார். நான் மீட்டரை மடக்கிப் பையில் வைத்தேன்.

ஆட்கள் கலைந்த பிறகு ஹரி பக்கத்தில் வந்து நின்றான். அவன் குரலில் முதல் முறையாகச் சண்டை இல்லை.

"அத்தான், மூணாவதப் பத்திப் பேச வேண்டாம். அது சாட்சிதான? நமக்குள்ள மூணு, ரெண்டு. நீங்க ஜெயிச்சீங்கன்னே போட்டுக்கோங்க. நான் பச்சையே விக்கேன். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரு கடையும் போச்சு. இந்த நாலு கார்டயும் இனிமே மதுரக்காரன் வாங்க மாட்டான், பாத்தீங்கள்லா?"

அப்போதுதான் அண்ணாச்சி கார்டுகளின் மொட்டை முதுகைத் தடவிப் பார்த்தார். தலையில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். ஹரி சொன்னதை ஒத்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானாக இருந்தால் அவன் முதல் வாக்கியத்தை முடிக்கும் முன்பே ஒத்துக்கொண்டிருப்பேன்.

"சாட்சிப் பெட்டி ஜெயிச்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவணும் மாப்ள" என்றார் அவர். "எங்க அய்யா நாலு தடவ போயிருக்காரு. ஒரு தடவ ஆபீஸ் ஆளுகளுக்குக் கூலி குடுக்க வழியில்லாம இருந்த சமயம். அப்பவும் போனாரு."

"அது குச்சி அத்தான்."

"இதுவும் அப்படித்தான். நான் சொன்னேன்னு வாங்கினவிய இருக்காவ."

மறுநாள் கடை திறந்ததும் ஏணியைப் போட்டு ஏறி, போர்டில் ஒரு கார்டை அழித்தார். கண்ணாடியில் ஒரு தாளும் ஒட்டினார். இரண்டு கார்டு தேவையில்லை, நான் சொன்னது தவறு, பெருமாள்சாமி என்று எழுதி அடியில் கையெழுத்து. தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வியாபாரியை எங்கள் பஜாரில் அதுவரை யாரும் கண்டதில்லை. ரோட்டில் போகிறவர்கள் நின்று வாசித்துச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

தாளோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இரட்டைக் கார்டு விற்ற முப்பத்தோரு வீட்டுக்கும் தானே போவதாகக் கிளம்பினார். மெஷினைத் திறக்கும் முன் யூபிஎஸ்ஸை நிறுத்த வேண்டுமே, கூட வா என்றார். எந்த வீட்டில் எப்படித் திட்டு வாங்குகிறார் என்று பார்க்கலாம் என்றுதான் போனேன். அதற்குக் குறைவு வைக்கவில்லை. ஒரு வீட்டில் காபி கொடுத்துவிட்டுத் திட்டினார்கள், ஒரு வீட்டில் காபி கொடுக்காமல் திட்டினார்கள். மணியாச்சியில் ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், "ரெண்டு இருந்தாத்தான் பாக்க கெத்தா இருக்கு, கழட்டாதீங்க" என்று மெஷினைத் தொடவே விடவில்லை. அண்ணாச்சி எல்லா இடத்திலும் ஒரே வார்த்தைதான் சொன்னார். நான் தப்பாச் சொல்லி வித்துட்டேன், இந்தக் கார்ட வச்சுக்கிடுததா இருந்தா வச்சுக்கோங்க, இல்லன்னா காசத் திருப்பிக் குடுத்துட்டு நானே எடுத்துக்கிடுதேன்.

அந்த மணியாச்சிக்காரர்தான் என்னைக் காட்டிக் கேட்டார். "அப்ப இவரு வச்ச பெரிய யூபிஎஸ்ஸும் வேண்டாததுதானா?"

"அது அவன் தப்பில்ல" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு கார்டுன்னு நான் சொன்னேன், அதுக்குத் தக்கன அவன் குடுத்தான். அதுவும் என் கணக்குத்தான்."

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கில் திரும்பி வரும்போது அவர் மேல்தான் ஆத்திரமாக வந்தது. இவரை யார் எனக்காகப் பேசச் சொன்னது? எனக்குப் பேசத் தெரியாதா?

கடைசி வீடு நாகலாபுரம். சொர்ணத்தாய் அக்கா அப்போதுதான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தது. மகன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். மெஷின் துணி மூடி, மூலையில் கிடந்தது. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றி, இரண்டாவது கார்டை உருவி எடுத்துத் துண்டால் தூசியைத் துடைத்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அக்கா திட்டவில்லை. கார்டைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது.

"இதுவா எட்டுக் கெடா?" என்றது.

அண்ணாச்சி மூடியை மறுபடி மாட்ட ஆரம்பித்தார்.

"ஒங்களுக்குத் தெரியாம சொல்லிட்டீக. அது சரி." அக்கா என் பக்கம் திரும்பியது. "தம்பி, நீங்க அன்னைக்கு ஒரு இடுக்கி வச்சுப் பாத்தீகளே. ரெண்டு கார்டும் வேல செய்யுதான்னு அது காட்டும்னு சொன்னீக. ஒங்களுக்கும் தெரியாதா?"

அந்த மீட்டர் அப்போதும் என் தோள் பையில்தான் இருந்தது. நான் பதில் யோசிப்பதற்குள் அண்ணாச்சி கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"அவனுக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்டச் சொல்லாம இருப்பானாக்கா?"

அக்கா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியாதுக்கா" என்றேன்.